சிரிப்புக்குக் கூலி யார் கொடுப்பது?

யூடியூபில் ஒரு வகை வீடியோ உண்டு. 'கப்பலில் எங்கள் முதல் நாள்' என்கிற மாதிரி தலைப்பு வைத்திருப்பார்கள். மயாமியிலோ பார்சிலோனாவிலோ சிங்கப்பூரிலோ சொகுசுக் கப்பலில் ஏறுகிற ஒரு குடும்பம், தாங்கள் எடுத்த சூட் அறையின் கதவைத் திறப்பதிலிருந்து அன்றிரவு படுக்கும்வரை படம் பிடித்துப் போடும். (சூட் என்றுதான் நாம் சொல்கிறோம். கப்பல்காரர்கள் 'ஸ்வீட்' என்பார்கள்.) 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே சுற்றுலாக் கப்பல் கிளம்பிய பிறகு தமிழிலும் இவை நிறைய வருகின்றன. நானும் பார்க்கிறேன். வேலை முடிந்து வந்து படுத்துக்கொண்டு, யாரோ ஒருவர் பால்கனியில் நின்று கடலைக் காட்டுவதைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது.

எல்லா வீடியோவும் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் போகும். சூட்காரர்களுக்கு நீண்ட வரிசை கிடையாது, தனிக் கவுண்டர். அறைக்குள் பெரிய கட்டில், சோபா போட்ட முன்னறை, பால்கனி, குளியல் தொட்டி. மேசைமேல் பழத்தட்டு, ஐஸ் வாளியில் ஷாம்பெயின், காபி மெஷின். அலமாரியில் குளியல் அங்கியும் செருப்பும். எந்தத் தலையணை வேண்டும் என்று தேர்ந்தெடுக்க ஒரு பட்டியல்கூட வைத்திருப்பார்கள். ஒரே தலையணையை மூன்று பேர் பங்கு போட்ட வீட்டில் வளர்ந்தவர்கள் அந்த இடத்தில் வீடியோவை நிறுத்தித் திரும்பப் பார்ப்பார்கள். நான் பார்த்தேன்.

அப்புறம் கதவு தட்டப்படும். கோட்டு போட்ட பட்லர் நிற்பார். பெயர் சொல்லி வரவேற்பார். "பெட்டியைப் பிரித்துத் துணிகளை அடுக்கித் தரட்டுமா, ஷூவைப் பாலிஷ் போடட்டுமா, ராத்திரி சாப்பாடு அறைக்கே கொண்டுவரவா" என்று கேட்பார். அவர் போன பிறகு கேமரா பக்கம் திரும்பி, "பாத்தீங்களா, நம்ம பேரு அவருக்கு முன்னாடியே தெரியுது!" என்பார்கள். வீடியோ முடிவில் மதிப்பெண் வரும். படுக்கைக்கு ஒன்பது, காபி மெஷினுக்கு ஏழு, பட்லருக்கு ஒன்பதரை, ரூம் ஸ்டீவர்டுக்கு எட்டு. அவர் துண்டு கொண்டுவர இருபது நிமிஷம் எடுத்துக்கொண்டாராம்.

இந்த மதிப்பெண் பட்டியலைப் பற்றித்தான் எழுத வந்தேன். காபி மெஷினும் பட்லரும் ஒரே பட்டியலில் எப்படி வந்தார்கள்? அந்தக் குடும்பத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. கம்பெனி விற்பதே அப்படித்தான். 'சூட் வசதிகள்' என்று அச்சடித்த பக்கத்தில் இலவச இணையம், தனி நீச்சல் குளம், பட்லர் என்று வரிசையாக இருக்கும். அவர்கள் காசு கொடுத்து வாங்கியதற்கு மதிப்பெண் போடுகிறார்கள்.

கப்பல் பயணத்தில் வர்க்கம் புதிதல்ல. 1912இல் மூழ்கிய டைட்டானிக்கில் முதல் வகுப்புப் பயணிகளில் பத்தில் ஆறு பேருக்கு மேல் தப்பினார்கள். மூன்றாம் வகுப்பிலும் ஊழியர்களிலும் தப்பியவர்கள் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான். கப்பல் மூழ்கிய நேரத்தோடு அதன் ஊழியர்களுக்குச் சம்பளம் நின்றுபோனது என்பது பலருக்குத் தெரியாது. அன்றைய நடைமுறை அதுதான். கப்பல் இல்லை, அதனால் வேலையும் இல்லை. கப்பல் உடைந்தால் ஊழியருக்கு இழப்பீடு தரவேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஒப்பந்தம் கொண்டுவர 1920 ஆனது. நம் பக்கத்துக்கு வந்தால், 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஆயிரக்கணக்கானவர்களை மேல்தளத்துப் பயணிகளாக ஏற்றிப் போனது. மலாயாத் தோட்டங்களுக்குப் போன நம் பாட்டன் பாட்டிகளில் எத்தனையோ பேர் பாயை விரித்து அந்தத் தளத்தில் படுத்துத்தான் கடல் தாண்டினார்கள். அதே கப்பலில் அறை எடுத்துப் போனவர்களும் இருந்தார்கள்.

பிறகு விமானம் வந்தது. கப்பல் என்பது ஊர் போய்ச்சேரும் வழியாக இல்லாமல் பொழுதுபோக்காக மாறியது. எல்லோருக்கும் ஒரே சாப்பாட்டுக்கூடம், ஒரே குளம் என்று கொஞ்ச காலம் விளம்பரம் செய்தார்கள். இப்போது வகுப்புகள் திரும்பி வந்துவிட்டன, வேறு பெயரில். நார்வீஜியன் நிறுவனம் அதை 'தி ஹேவன்' என்கிறது. எம்எஸ்சி 'யாட் கிளப்' என்கிறது. செலிப்ரிட்டியில் 'தி ரிட்ரீட்'. குனார்டில் நீங்கள் எந்த வகை அறை எடுக்கிறீர்களோ அதற்கான உணவகத்தில்தான் உங்களுக்கு மேசை. தொழில் வட்டாரத்தில் இதற்குக் 'கப்பலுக்குள் கப்பல்' என்று பெயர். சாவி அட்டை இல்லாமல் அந்தப் பக்கம் கதவு திறக்காது. 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து கிளம்பிய 'ஐகான் ஆஃப் த சீஸ்' கப்பலில் மூன்று மாடி வீடு மாதிரி ஒரு சூட் இருக்கிறது. மாடியிலிருந்து கீழே வர உள்ளேயே சறுக்குமரம். அதே கப்பலில் 2,350 ஊழியர்கள் இருக்கிறார்கள்.

அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதை எந்த முதல் நாள் வீடியோவும் காட்டாது.

எனக்குத் தெரிந்த தம்பி ஒருவன் ஒரு கப்பலில் ரூம் ஸ்டீவர்ட். கேட்டரிங் படித்தவன், எங்கள் மாலை நேரப் படிப்பகத்தில் உட்கார்ந்து ஆங்கிலம் கற்றுக்கொண்டவன். கம்பெனி பெயர் இங்கே வேண்டாம், அவன் வேலை அவனுக்கு வேண்டும். விடுமுறையில் வந்தபோது அவனுடைய முதல் நாளைப் பற்றிக் கேட்டேன்.

"அக்கா, முதல் நாள் நான் கடலையே பாக்கல" என்றான்.

இரண்டு விமானம் மாறி, ஒரு இரவு ஓட்டலில் தங்கி, காலையில் பஸ்ஸில் துறைமுகத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். பாஸ்போர்ட்டை கப்பல் அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அடையாள அட்டை, சீருடை, எந்த உயிர்காக்கும் படகுக்குப் பொறுப்பு என்று எழுதிய சீட்டு, பாதுகாப்பு வகுப்பு. கேபின் நீர்மட்டத்துக்குக் கீழே, ஜன்னல் கிடையாது. இரண்டு பேருக்கு மேலும் கீழுமாகப் படுக்கை, மறைக்க ஒரு திரை. மதியமே வேலைக்கு இறக்கிவிட்டார்கள். கப்பலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஊழியர்களுக்கான நீளமான நடைவழி ஒன்று கீழ்த்தளத்தில் ஓடும். பல கப்பல்களிலும் அதை 'ஐ-95' என்று கூப்பிடுகிறார்கள். அமெரிக்காவின் கிழக்குக் கரை நெடுஞ்சாலையின் பெயர். அழுக்குத்துணி வண்டி, குப்பை, காய்கறி, ஆட்கள் எல்லாம் அதில்தான் போகும். பயணிகள் நடக்கிற கம்பளத்தில் இவற்றில் எதுவும் கண்ணில் படக்கூடாது.

பயணிக்கு முதல் நாளாக இருக்கும் நாள், ஊழியருக்கு வாரத்திலேயே கொடுமையான நாள். விடியற்காலையில் கப்பல் துறைமுகத்தில் நிற்கும். காலை ஒன்பது, பத்து மணிக்குள் பழைய கூட்டம் இறங்கும். பதினொன்று, பன்னிரண்டு மணிக்குப் புதிய கூட்டம் ஏறத் தொடங்கும். நடுவில் இருக்கிற அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான படுக்கைகளின் விரிப்பு மாறவேண்டும், கழிப்பறைகள் தேய்க்கப்படவேண்டும், யாரோ விட்டுப்போன தலைமுடி ஒன்றுகூட இருக்கக்கூடாது. தம்பிக்கு 18 அறைகள். அந்தப் பழத்தட்டையும் அங்கியையும் சரியான கோணத்தில் வைத்துவிட்டு, உடம்பு வேர்வையைத் துடைத்து, சட்டையை மாற்றிக்கொண்டு, நடைவழியில் நின்று சிரிக்கவேண்டும். பயணி கதவைத் திறக்கும் நேரத்தில் அவன் காலையிலிருந்து ஐந்தாறு மணி நேரம் வேலை செய்து முடித்திருப்பான். அவன் நாளில் பாதிதான் அது. ராத்திரி படுக்கை விரிக்க மறுபடி 18 அறை. துண்டை மடித்துக் குரங்கு, யானை செய்து வைப்பார்களே, அது அப்போதுதான்.

பெயர் எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். முந்தின நாளே பட்டியல் வந்துவிடுமாம். மனப்பாடம் செய்யவேண்டும். யாருக்குப் பிறந்தநாள், யாருக்குக் கல்யாண நாள் என்பதும் அதில் இருக்கும். பயணத்தின் கடைசியில் பயணிகள் நிரப்புகிற படிவத்தில் ஊழியரின் பெயர் நல்லவிதமாக வந்தால் அடுத்த ஒப்பந்தத்துக்கும் பதவி உயர்வுக்கும் உதவும். கெட்டவிதமாக வந்தால் மேலாளர் கூப்பிட்டு விசாரிப்பார். "சிரிப்பு குறைஞ்சா அது எழுத்துல வந்துடும்க்கா."

ஆர்லி ஹாக்‌ஷில்ட் என்கிற அமெரிக்கச் சமூகவியலாளர் 1983இல் விமானப் பணிப்பெண்களை வைத்து எழுதிய 'த மேனேஜ்டு ஹார்ட்' என்கிற நூலை எம்.ஏ.வில் படித்திருப்பீர்கள். உணர்ச்சி உழைப்பு என்கிற கருத்து அங்கிருந்துதான் வந்தது. கையால் செய்கிற வேலையைப் போலவே, கோபத்தை அடக்கி முகத்தில் கனிவைக் கொண்டுவருவதும் ஒரு வேலை, முதலாளி அதையும் விலைக்கு வாங்குகிறார் என்றார் அவர். விமானத்தில் அது சில மணி நேரம். கப்பலில் ஆறு முதல் ஒன்பது மாத ஒப்பந்தம், வாரத்தில் ஏழு நாளும். வேலை முடிந்து வீட்டுக்குப் போய் முகத்தைக் கழற்றி வைக்க வழியில்லை. படுக்கிற இடமும் அதே கப்பல்தான்.

இந்தச் சிரிப்புக்கு யார் கூலி கொடுக்கிறார்கள்? பெரிய அமெரிக்கக் கப்பல் நிறுவனங்களில் ஒரு பயணிக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 16 முதல் 20 டாலர்வரை 'கிராஜுவிட்டி' என்று கணக்கில் தானாகச் சேரும். சூட் அறைக்கு இன்னும் கொஞ்சம் கூட. ஆளுக்கு 20 டாலர் என்று வைத்தால், இரண்டு பேருக்கு ஏழு நாளைக்கு 280 டாலர். பல நிறுவனங்களில் ஊழியரின் வருமானத்தில் பெரிய பங்கு இதிலிருந்துதான் வருகிறது. ஆனால் இது கட்டாயமில்லை. வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். முதல் நாளே வரவேற்பு மேசைக்குப் போய் "இதை நீக்கிவிடுங்கள், பிடித்தவர்களுக்கு நாங்களே கையில் கொடுத்துக்கொள்கிறோம்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சிலர் கடைசி நாள் கொடுக்கவும் செய்வார்கள். ஆனால் துணி துவைக்கிறவருக்கும், கீழே தட்டு கழுவுகிறவருக்கும் யார் கையில் கொடுப்பார்கள்? அவர்களைத்தான் யாரும் பார்ப்பதே இல்லையே.

கூலியைக் கொடுக்கவேண்டியவர் முதலாளி. அவர் மெல்ல நகர்ந்துகொண்டு, அந்தப் பொறுப்பைப் பயணியின் மனதுக்குத் தள்ளிவிட்டார். பயணி ஒரு வாரத்துக்கு எசமானாகிறார். தம்பிக்கு 18 அறையிலும் 18 எசமான்கள்.

கூலியை இனாமாக மாற்றுகிற இந்த வேலை நமக்குப் புதிதில்லை. பழைய கிராமக் கணக்குகளில், ஊர்ப் பணி செய்தவர்களுக்கு அறுவடைக் களத்தில் அளந்து போடுகிற நெல்லுக்கு 'சுதந்திரம்' என்று பெயர். அந்தச் சொல் அங்கே எப்படிப் பொருந்தியது என்று எனக்கு இன்றுவரை சிரிப்பும் கோபமும் சேர்ந்து வரும். வருஷம் முழுக்க உழைத்ததற்கு, களத்து மேட்டில் கை நீட்டி நிற்கவேண்டும். அளக்கிறவர் முகம் எப்படி இருக்கிறதோ அப்படி விழும் மரக்கால். இன்றும் தீபாவளிக்கு முந்தின நாள் தெருவில் தூய்மைப் பணியாளர் ஒருவர் வீடு வீடாக நிற்பதைப் பாருங்கள். மாநகராட்சி ஒழுங்காகக் கொடுத்தால் அவர் ஏன் கேட்டில் நிற்கிறார்?

உலகத்தில் இதற்கு மிகத் தெளிவான முன்னுதாரணம் அமெரிக்க ரயிலில் இருக்கிறது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு ஜார்ஜ் புல்மேன் என்பவர் சொகுசுத் தூங்கும் பெட்டிகளை ஓடவிட்டார். சக்கரத்தில் ஓடுகிற ஓட்டல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் படுக்கை விரிக்கவும் ஷூ துடைக்கவும் வேலைக்கு எடுத்தது அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் விடுபட்ட கறுப்பின ஆண்களை. சம்பளம் குறைவு, மீதியை டிப்ஸில் பார்த்துக்கொள் என்பது ஏற்பாடு. பயணிகள் அவர்களைச் சொந்தப் பெயரில் கூப்பிடவே மாட்டார்கள். எல்லோரும் 'ஜார்ஜ்'. அடிமைக்கு எசமான் பெயர் வைத்த பழக்கத்தின் தொடர்ச்சியாக, புல்மேனின் பெயரே எல்லோருக்கும். 1925இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் அந்தப் போர்ட்டர்கள் சங்கம் கட்டினார்கள். கம்பெனி உளவாளிகளை வைத்தது, சங்கத்தில் சேர்ந்தவர்களை வேலையை விட்டு நீக்கியது. பன்னிரண்டு வருஷம் கழித்து, 1937இல், கம்பெனி கையெழுத்திட்டது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது. 1963இல் வாஷிங்டன் பேரணியை முன்னின்று கட்டியவர்களில் இதே ராண்டால்ஃப் ஒருவர். குடியுரிமைப் போராட்டத்தின் பெரிய தலைவர்களில் ஒருவர் ஷூ துடைத்தவர்களின் சங்கத்திலிருந்து வந்தார் என்பதை நம் மாணவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

கப்பலில் யாரையும் 'ஜார்ஜ்' என்று கூப்பிடுவதில்லை. சட்டையில் பெயரும், பெரும்பாலான கப்பல்களில் அதற்குக் கீழே நாட்டின் பெயரும் இருக்கும். இந்தியா, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா. பயணிகளுக்கு இது அழகாகத் தெரியும், "எத்தனை நாட்டுக்காரர்கள்!" என்பார்கள். கொஞ்சம் கவனித்தால் பதவியும் நாடும் சேர்ந்தே வருவது தெரியும். மாலுமி அறையில் இத்தாலி, கிரேக்கம், நார்வே, பிரிட்டன். அறை துடைக்கிற, தட்டு தூக்குகிற, துணி வெளுக்கிற இடத்தில் மணிலா, ஜகார்த்தா, கோவா, மும்பை. விதிவிலக்குகள் உண்டு, இப்போது கூடியும் வருகின்றன. ஆனாலும் பாஸ்போர்ட்டைப் பார்த்தால் தளத்தைச் சொல்லிவிடலாம். இதற்கு வரலாறும் இருக்கிறது. பிரிட்டிஷ் காலத்தில் 'லஸ்கர்' என்று அழைக்கப்பட்ட இந்தியக் கப்பல் தொழிலாளிகளை வெள்ளைக்காரத் தொழிலாளிகளைவிடக் குறைந்த கூலிக்குத் தனி ஒப்பந்தத்தில்தான் எடுத்தார்கள்.

வேலைப் பிரிவினை வேறு, வேலை செய்கிறவர்களையே மேலும் கீழுமாகப் பிரிப்பது வேறு என்று அம்பேத்கர் காட்டிய வேறுபாட்டை இங்கே வைத்துப் பார்க்கலாம். ஆனால் கப்பலும் ஊரும் ஒன்று என்று சொல்ல நான் தயாராக இல்லை. தம்பி அதை ஒப்புக்கொள்ளவே மாட்டான். "அங்க யாரும் எந்தத் தெருன்னு கேக்கலக்கா. கழிப்பறை கழுவுறேன், ஆமா. ஆனா என்கூடக் கழுவுற பிலிப்பைன்ஸ்காரன் என்கூட ஒரே தட்டுல சாப்பிடுறான். ஊருல நான் அறையே கழுவாம ஆபீஸ் வேலைக்குப் போனாலும் டம்ளரப் பாத்துதான் குடுப்பாங்க." இதற்கு என்னிடம் பதில் இல்லை, பதில் தேவையும் இல்லை. பிறப்பால் வந்த வேலையை விட்டு ஓட முடியாது. ஒப்பந்தத்தில் வந்த வேலையை ஒன்பதாவது மாதம் விட்டுவிடலாம். அவன் அனுப்பிய பணத்தில் வீட்டுக்கு மேல்தளம் போட்டிருக்கிறார்கள், தங்கை நர்சிங் படிக்கிறாள். அதனால் "சேவகம் செய்யப் போகாதே" என்று மாநாட்டு மேடையிலிருந்து புத்தி சொல்கிற தோழர்களோடு எனக்கு உடன்பாடில்லை. போகட்டும். ஆனால் அவன் சிரிப்புக்குக் கூலி சம்பளச் சீட்டில் வரவேண்டும், யாரோ ஒருவருடைய நல்ல மனசிலிருந்து வரக்கூடாது. என் வாதம் இவ்வளவுதான்.

முதல் நாளில் இன்னொன்று நடக்கும். சூட் பயணிகளில் பலர் சலித்துக்கொள்கிற விஷயம். அபாய மணி அடித்தால் எங்கே கூடவேண்டும் என்கிற பயிற்சி. "ஷாம்பெயினை வைத்துவிட்டு இதுக்குப் போகணுமா?" என்று வீடியோவில் கேட்பார்கள். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கோர்டியா பாறையில் மோதியது. அன்று மாலை சிவிதாவெக்கியா துறைமுகத்தில் ஏறிய நூற்றுக்கணக்கானவர்களுக்கு இந்தப் பயிற்சி நடக்கவே இல்லை. அப்போதிருந்த விதிப்படி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும். 32 பேர் செத்தார்கள். கப்பலில் ஆட்கள் இருக்கும்போதே கேப்டன் வெளியேறினார், அதற்காகவும் தண்டிக்கப்பட்டார். கடைசியாகக் கிடைத்த உடல் ஒரு இந்திய வெயிட்டருடையது. கப்பலை நிமிர்த்தி ஜெனோவாவுக்கு இழுத்துப்போய் உடைக்கத் தொடங்கிய பிறகு, 2014 நவம்பரில்தான் கிடைத்தது. கிட்டத்தட்ட மூன்று வருஷம். இப்போது கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பியவுடனோ பயிற்சி நடக்கவேண்டும் என்பது 2015 ஜனவரி 1 முதல் சர்வதேச விதி. காலையில் கழிப்பறை கழுவிய அதே ஆள்தான் உங்களுக்கு உயிர்காக்கும் உடையைக் கட்டிக் காட்டுகிறார். அந்த நேரத்தில் அவர் பட்லரோ ஸ்டீவர்டோ அல்ல, கடலோடி.

ஆபத்து வந்தால் யார் யாருக்கு எவ்வளவு பாதுகாப்பு என்பதை 2020 பிப்ரவரியில் யோகோஹாமாவில் பார்த்தோம். டயமண்ட் பிரின்சஸ் கப்பலில் 3,711 பேர். கொரோனா என்று பயணிகளை அறைக்குள் இருக்கச் சொன்னார்கள். அவர்களுக்கு அறைக்கு அறை சாப்பாடு கொண்டுபோனது யார்? ஊழியர்கள். அவர்களுக்குத் தனிமை கிடையாது. ஒரே கேபினில் சேர்ந்து தூங்கி, ஒரே மெஸ்ஸில் சேர்ந்து சாப்பிட்டார்கள். 712 பேருக்குத் தொற்று. கப்பலில் இருந்த 138 இந்தியர்களில் 132 பேர் ஊழியர்கள், தமிழர்களும் அதில் உண்டு. எங்களைக் காப்பாற்றுங்கள் என்று செல்போனில் வீடியோ எடுத்து அனுப்பினார்களே, நினைவிருக்கிறதா? அதுவும் கப்பல் வீடியோதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2006இல் ஜெனீவாவில் நிறைவேறிய கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம் 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2015இல் ஏற்றது. அதன்படி கப்பலில் எந்த வேலை செய்பவரும், பட்லரும் சமையல்காரரும் உட்பட, கடலோடிதான். அதில் வேலை நேரத்துக்கும் வரம்பு இருக்கிறது. உச்சவரம்பை எடுத்துக்கொண்ட நாடுகளில் 24 மணி நேரத்தில் 14, ஏழு நாளில் 72. ஓய்வு நேரக் கணக்கை எடுத்துக்கொண்டால் ஒரு நாளில் 10 மணி, வாரத்தில் 77 மணி. கூட்டிக் கழித்துப் பாருங்கள், இரண்டாவது கணக்கில் வாரத்துக்கு 91 மணி நேரம்வரை வேலை வாங்கலாம். நல்ல சட்டம் என்று நாம் கொண்டாடுவதன் நிலை இது. கம்பெனி பனாமாவிலும் லைபீரியாவிலும் பெர்முடாவிலும் பதிவாகி, கப்பல் பஹாமாஸ் கொடியோடு ஓடி, பயணி அமெரிக்கராகவும் ஊழியர் விழுப்புரத்துக்காரராகவும் இருக்கும்போது எந்த வாசலில் போய் முறையிடுவது என்பது தனிக் கேள்வி. 'வார் ஆன் வான்ட்' அமைப்பும் சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனமும் 2002இல் 'ஸ்வெட்ஷிப்ஸ்' என்று ஒரு அறிக்கை போட்டன. குறைந்த அடிப்படைச் சம்பளம், டிப்ஸை நம்பிய வாழ்க்கை, நீண்ட நேர வேலை, ஏஜென்டுக்குக் கொடுத்த கடன் என்று அதில் பேசப்பட்டதைத் தம்பியும் பேசுகிறான்.

அந்த ஏஜென்ட் விஷயத்தைக் கேட்டரிங் படிக்கிற தம்பி தங்கைகள் கவனமாகப் படியுங்கள். வேலை வாங்கித் தர உங்களிடம் பணம் வாங்கக்கூடாது என்று அந்த ஒப்பந்தம் சொல்கிறது. மருத்துவச் சான்றிதழ், கடலோடிப் புத்தகம், பாஸ்போர்ட் ஆகியவற்றின் செலவு மட்டும்தான் உங்களுடையது. விசா செலவுகூடக் கப்பல் முதலாளியுடையது. தம்பியிடம் 'ப்ராசசிங்' என்று வாங்கினார்கள், வட்டிக்கு எடுத்துக் கொடுத்தான், முதல் ஒப்பந்தத்தில் பாதி அதற்கே போனது. மும்பையிலுள்ள கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் உரிமம் கொடுத்த ஏஜென்சிதானா என்று பாருங்கள். ஆர்பிஎஸ்எல் எண் என்று கேட்டால் சொல்லவேண்டும், அதை இயக்குநரகத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கவும் யாரிடமாவது ஆலோசனை கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. போட்ட பிறகு ஒரு பிரதி உங்கள் கையில் இருக்கவேண்டும்.

பயணியாகப் போகிறவர்களும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். நம் பிள்ளைகளும் ஐடியில் இருக்கிறார்கள், தேனிலவுக்குச் சென்னையிலிருந்தே கப்பல் ஏறுகிறார்கள். ஏறட்டும், சூட் எடுக்கட்டும், பழத்தட்டைப் படம் பிடிக்கட்டும். நம் பாட்டிகள் தளத்தில் பாய் விரித்துப் போன கடல்தான். கிராஜுவிட்டியை மட்டும் முதல் நாளே போய் நீக்காதீர்கள். துண்டு தாமதமாக வந்ததற்கு ஒரு ஆளின் பெயரைப் படிவத்தில் எழுதாதீர்கள். எழுதுவதாக இருந்தால் கம்பெனிக்கு எழுதுங்கள்: உங்கள் ஊழியருக்கு நீங்கள் கொடுக்கிற சம்பளம் எவ்வளவு, எங்கள் டிப்ஸ் அதில் எவ்வளவு என்று.

எங்கள் படிப்பகத்தில் போன மாதம் இரண்டு பேரின் ஒப்பந்தங்களை வைத்து உட்கார்ந்தோம். டிப்ஸ் பற்றிய பத்தி எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் ஆனது. ஒன்றில் அது சம்பளத்துக்கு மேல் என்று இருந்தது. இன்னொன்றில் சம்பளத்துக்குள்ளேயே சேர்த்துக் கணக்குப் போட்டிருந்தார்கள். மூன்றாவது ஒன்று யாரிடமாவது இருந்தால் கொண்டுவாருங்கள், பெயரை மறைத்துவிட்டுப் படிக்கலாம்.